ஒன்றையொன்று காக்கும் இரண்டு கான்வாய்கள்: லண்டனின் ஆதரவு முறிந்ததா, நின்றதா?

பாய்மரம் எழுதியது:

வணக்கம். ஏழு நண்பர்கள் மின்னஞ்சல் வழியே ஆடிவரும் ஒரு டிப்ளமசி ஆட்டத்துக்கு நான் நடுவராக இருக்கிறேன். ஏழு நாடுகள் ஐரோப்பிய வரைபடத்தில் மோதும் பலகை விளையாட்டு இது; ஒவ்வொருவரும் தனித்தனியே எழுதும் ஆணைகளை ஒன்றாகத் திறந்து முடிவு சொல்வது நடுவர் வேலை. ஆட்டக் கணக்கில் 1904-ஆம் ஆண்டு வசந்தகால ஆணைகளை நேற்றிரவு திறந்து எல்லோருக்கும் அனுப்பிவிட்டேன்; முடிவை மட்டும் அறிவிக்க முடியாமல் நிறுத்தி வைத்திருக்கிறேன். ஆடுபவர்களின் இசைவோடுதான் இங்கே கேட்கிறேன். அவர்களில் எவரும் இந்த விவாதத்தில் எழுதுவதில்லை என்று ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். நாங்கள் பின்பற்றுவது 2000-ஆம் ஆண்டு விதிநூல்.

சிக்கலில் உள்ள ஆணைகள் எட்டு.

இங்கிலாந்து: எடின்பரோ கப்பற்படை வட கடலுக்கு நகர்கிறது. லண்டன் கப்பற்படை அந்த நகர்வுக்கு ஆதரவு தருகிறது, அதாவது அதன் வலிமையை ஒன்றிலிருந்து இரண்டாக்குகிறது.

ரஷ்யா: நார்வே தரைப்படை பெல்ஜியத்துக்கு நகர்கிறது. வட கடல் கப்பற்படை அதை ஏற்றிச் செல்கிறது; தரைப்படையைக் கடல்வழியே இப்படி ஏற்றிச் செல்வதுதான் கான்வாய்.

ஜெர்மனி: பிக்கார்டி கப்பற்படை ஆங்கிலக் கால்வாய்க்கு நகர்கிறது. பெல்ஜியம் கப்பற்படை அந்த நகர்வுக்கு ஆதரவு தருகிறது.

பிரான்சு: பிரெஸ்ட் தரைப்படை லண்டனுக்கு நகர்கிறது. ஆங்கிலக் கால்வாய்க் கப்பற்படை அதை ஏற்றிச் செல்கிறது.

பிரெஞ்சுப் படை லண்டன் கரையைத் தொட்டால், லண்டன் தாக்கப்பட்டதாகி அதன் ஆதரவு முறியும். ஆதரவு முறிந்தால் எடின்பரோவின் தாக்குதல் ஒற்றை வலிமையோடு நின்றுவிடும். வட கடலில் ரஷ்யக் கப்பல் தப்பும். அது தப்பினால் ரஷ்யப் படை பெல்ஜியத்தைத் தொட்டு, ஜெர்மனியின் ஆதரவை முறிக்கும். அந்த ஆதரவு முறிந்தால் கால்வாயில் பிரெஞ்சுக் கப்பல் தப்பும். அது தப்பினால்தான் பிரெஞ்சுப் படை லண்டன் கரையைத் தொட முடியும். இப்படிப் பார்த்தால் எட்டுப் படைகளும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.

மறுமுனையிலிருந்து பார்த்தால், லண்டன் ஆதரவு முறியாமல் நிற்கிறது, வட கடலில் ரஷ்யக் கப்பல் விரட்டப்படுகிறது, ரஷ்யப் படை புறப்படவே இல்லை, பெல்ஜியத்தின் ஆதரவு நிற்கிறது, கால்வாயில் பிரெஞ்சுக் கப்பலும் விரட்டப்படுகிறது, ஆகவே பிரெஞ்சுப் படையும் புறப்படவில்லை, லண்டனை யாரும் தொடவில்லை. இதிலும் ஓர் ஓட்டை இல்லை.

முதல் முடிவில் ஒன்றுமே நகரவில்லை. இரண்டாம் முடிவில் பிரான்சும் ரஷ்யாவும் ஆளுக்கொரு கடலை இழக்கின்றன. எதை அறிவிப்பது?

கரையோரம் எழுதியது:

நான் இந்த ஆட்டத்துக்குப் புதியவன். முதலில் யாருடைய ஆணை நடக்கிறது என்று ஒரு வரிசை வைத்துக்கொண்டால் சிக்கலே இருக்காதே? சதுரங்கத்தில் வெள்ளை முந்தி ஆடுவதுபோல இங்கே எதுவும் இல்லையா?

எழுத்தெண்ணி எழுதியது:

நண்பர் கரையோரம் அவர்களுக்கு: வரிசை இல்லாததுதான் இந்த ஆட்டத்தின் உயிர். ஆலன் கால்ஹாமர் இதை 1954-இல் உருவாக்கி, 1959-இல் தம் சொந்தச் செலவில் 500 படிகள் வெளியிட்டபோதே, தாயக்கட்டையையும் முறைவைத்து ஆடுவதையும் ஒருசேர விலக்கிவிட்டார். ஏழு பேரும் ஒருவரோடொருவர் பேசி, வாக்குக் கொடுத்து, பிறகு தனித்தனியே ஆணை எழுதுகிறார்கள். எல்லா ஆணைகளும் ஒரே கணத்தில் நடக்கின்றன. ஒவ்வொரு படைக்கும் வலிமை ஒன்று. பக்கத்துப் படை ஆதரவு தந்தால் வலிமை இரண்டு. சமவலிமை மோதினால் யாரும் நகர மாட்டார்கள். வரிசை வைத்தால் யாருக்கு முதலிடம் என்பதே ஒரு சலுகையாகிவிடும்.

இனி நடுவரின் கேள்விக்கு வருகிறேன். விதிநூல் இந்த அமைப்புக்கு விடை தருகிறது என்பது என் உறுதியான கருத்து. மூன்று வாக்கியங்களை அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். ஆதரவு தரும் படை, தான் எந்த இடத்தை நோக்கி ஆதரவு தருகிறதோ அந்த இடம் தவிர வேறெங்கிருந்து தாக்கப்பட்டாலும் ஆதரவு முறியும். ஏற்றிச் செல்லும் கப்பல் தாக்கப்படுவதால் மட்டும் கான்வாய் கெடாது. அது தன் இடத்திலிருந்து விரட்டப்பட்டால்தான் கெடும். மூன்றாவது விதிவிலக்கு: கான்வாயில் வரும் தரைப்படை, தன்னை ஏற்றிவருவதற்குத் தேவையான கப்பலைத் தாக்குவதற்குத் தரப்படும் ஆதரவை முறிக்காது.

இந்த விதிவிலக்கு இங்கே பொருந்துமா என்று பாருங்கள். லண்டன் ஆதரவு தருவது வட கடல் மீதான தாக்குதலுக்கு. பிரெஞ்சுப் படையை ஏற்றிவருவது கால்வாய்க் கப்பல்; வட கடல் கப்பல் அதற்குத் தேவையே இல்லை. பெல்ஜியம் ஆதரவு தருவது கால்வாய் மீதான தாக்குதலுக்கு. ரஷ்யப் படையை ஏற்றிவருவதோ வட கடல் கப்பல். இரண்டு இடத்திலும் விதிவிலக்குக்கு வேலை இல்லை. விதிவிலக்கு பொருந்தாத இடத்தில் பொதுவிதியே ஆள வேண்டும். பொதுவிதி சொல்வது ஆதரவு முறியும் என்பது. ஆகவே எட்டுப் படைகளும் நின்ற இடத்தில் நிற்கின்றன.

தருக்கன் எழுதியது:

நண்பர் எழுத்தெண்ணி அவர்கள் விதிவிலக்கு நேரடியாகப் பொருந்தாது என்று காட்டிய இடம் வரை அவரோடு முழுமையாக உடன்படுகிறேன். அதற்கு அடுத்த அடியில்தான் தடுமாற்றம் இருக்கிறது. தாக்கப்பட்டால் ஆதரவு முறியும் என்பது பொதுவிதி. லண்டன் தாக்கப்பட்டதா என்பதுதான் கேள்வியே. அதற்கு விடை சொல்லும் முன்பே பொதுவிதியைக் கையில் எடுத்து, விடையை அதற்குள் வைத்துவிட்டார். அதே மூன்று வாக்கியங்களை லண்டனிலிருந்து தொடங்கிப் படித்தால் நடுவர் சொன்ன இரண்டாம் முடிவு வருகிறது. விதை முந்தியா மரம் முந்தியா என்ற கேள்விக்கு, நாம் முதலில் மரத்தைப் பார்த்தோம் என்பது விடையாகாது.

அந்த விதிவிலக்கு ஏன் எழுதப்பட்டது என்பதை எளிய அமைப்பில் பார்ப்போம். இங்கிலாந்தின் வேல்ஸ் கப்பல் கால்வாயைத் தாக்குகிறது. லண்டன் கப்பல் ஆதரவு தருகிறது. கால்வாயிலுள்ள பிரெஞ்சுக் கப்பல் பிரெஸ்ட் படையை லண்டனுக்கு ஏற்றிச் செல்கிறது. படை லண்டனைத் தொட்டு ஆதரவை முறித்தால் கப்பல் தப்பும். கப்பல் தப்பினால்தான் படை லண்டனைத் தொடும். அங்கும் இரண்டு முடிவுகளும் தம்மளவில் ஓட்டையற்றவை. விதிநூல் அவற்றில் எதைத் தேர்ந்தது? ஆதரவு நிற்கும், கப்பல் விரட்டப்படும் என்பதைத் தேர்ந்தது. அதாவது, ஒரு தரைப்படை தான் கரையேறியதன் விளைவைக் கொண்டே தன் பயணத்தைக் காப்பாற்றிக்கொள்ள முடியாது என்று தீர்ப்பளித்தது.

நம் அமைப்பில் நடப்பதும் அதுதான். வளையத்தில் கண்ணிகள் மட்டும் கூடியிருக்கின்றன. பிரெஞ்சுப் படை லண்டனைத் தொடுவதன் விளைவு வட கடல் வழியாக, பெல்ஜியம் வழியாகச் சுற்றிவந்து அதன் சொந்தக் கப்பலையே காக்கிறது. நேராகச் செய்ய முடியாததைச் சுற்றிவளைத்துச் செய்ய முடியும் என்று கொள்வதற்கு விதிநூலில் எந்தக் காரணமும் தெரியவில்லை.

எழுத்தெண்ணி எழுதியது:

என் வாதம் பாதி வழியில் தொடங்கியது என்கிறார் தருக்கன். சரி, ஏற்கிறேன். ஆனால் அதே அளவுகோல் அவருக்கும் உண்டு. லண்டனிலிருந்து தொடங்க வேண்டும் என்று எந்த வாக்கியம் சொல்கிறது? முறியும்வரை ஆதரவு நிற்கும் என்று அவர் கொண்டால், விரட்டப்படும்வரை கப்பல் நிற்கும் என்று நானும் கொள்ளலாமே? ஒரு கப்பலை விரட்ட வலிமை இரண்டு வேண்டும். இரண்டு இருந்தது என்று நிறுவ வேண்டிய பொறுப்பு விரட்டுகிறவருக்கு இல்லையா?

இன்னொரு முன்மாதிரியையும் எடுத்து வைக்கிறேன். ஹாலந்துப் படை பெல்ஜியத்துக்கும், பெல்ஜியத்துக் கப்பல் வட கடலுக்கும், வட கடல் கப்பல் ஹாலந்துக்கும் நகர்ந்தால் மூன்றும் இடம் மாறிக்கொள்ளும் என்று விதிநூல் தெளிவாகவே சொல்கிறது. அங்கும் இரண்டு முடிவுகள் உண்டு: மூன்றும் நகர்ந்தன என்பதும் பொருந்தும், ஒன்று நகராததால் மற்றவையும் நகரவில்லை என்பதும் பொருந்தும். கால்ஹாமரின் ஆட்டம் அந்த இரண்டில் நகர்வு வெற்றிபெறும் முடிவைத் தேர்ந்தது. ஆணை எழுதியவருக்கு அவர் எழுதியபடியே நடக்க ஒரு வழி இருக்குமானால் அந்த வழியைத் திறந்துவிடுவதுதான் இந்த ஆட்டத்தின் போக்கு. பிரான்சும் ரஷ்யாவும் தங்கள் கான்வாய்கள் ஒன்றையொன்று காக்கும் என்று பேசி வைத்துக்கொண்டு எழுதிய ஆணைகள் இவை. இந்த ஆட்டத்தில் நான் கண்ட மிக அழகான கூட்டு ஆணைகளில் ஒன்று இது. அதைக் கண்ணியமாக மதிக்க வேண்டும்.

ஆழிமகள் எழுதியது:

நேற்றிரவு சாப்பாட்டு மேசையைத் துடைத்துப் பலகையை விரித்து, எட்டுப் படைகளையும் வைத்துப் பார்த்தேன். ஆதரவு நிற்கும் படையின் கீழ் ஓர் ஒற்றை ரூபாய் நாணயத்தை வைத்தேன். ஆதரவு முறிந்ததும் நாணயத்தை எடுத்துவிடுவேன். லண்டன் கப்பலின் கீழிருந்து நாணயத்தை எடுத்துவிட்டு வளையத்தைச் சுற்றி வந்தேன். திரும்ப லண்டனுக்கு வந்தபோது நாணயம் இல்லாமலே இருந்தது. நாணயத்தை வைத்துவிட்டுச் சுற்றி வந்தேன். திரும்ப வந்தபோது அது அங்கேயே இருந்தது. பலகை நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொன்னது. ஆகையால் தர்க்கத்தால் மட்டும் இதற்கு விடை வராது. ஏதாவது ஒரு விதியைக் கொண்டுவரத்தான் வேண்டும்.

எந்த விதி என்பதற்கு, பாண்டின் முரண் என்று பெயர்பெற்ற அமைப்பையும் சேர்த்துப் பாருங்கள். தருக்கன் சொன்ன எளிய அமைப்போடு, ஜெர்மனியின் பெல்ஜியம் கப்பலும் வட கடல் கப்பலின் ஆதரவோடு கால்வாயைத் தாக்குகிறது என்று சேர்த்துக்கொள்ளுங்கள். லண்டனின் ஆதரவு நின்றால் இங்கிலாந்தும் ஜெர்மனியும் இரண்டுக்கு இரண்டாக மோதித் திரும்பும். நடுவில் உள்ள பிரெஞ்சுக் கப்பல் தப்பும். படை லண்டனைத் தொட்டு ஆதரவை முறிக்கும். முறிந்தாலோ ஜெர்மனி வென்று பிரெஞ்சுக் கப்பலை விரட்டும், படை போகாது, ஆதரவு முறியாது. விதிவிலக்கை ஒதுக்கிவைத்துப் பார்த்தால் இதற்கு ஒரு முடிவுகூடப் பொருந்தாது. நம் அமைப்புக்கோ இரண்டு பொருந்துகின்றன. ஆணை எழுதியபடி நடக்க ஒரு வழி இருந்தால் திறந்துவிடுங்கள் என்ற எழுத்தெண்ணி அவர்களின் கொள்கை, வழியே இல்லாத இடத்தில் கைவிட்டுவிடுகிறது. இரண்டு இடத்திலும் ஒரேபோல நடக்கும் விதிதான் நடுவருக்கு வேண்டும்.

அப்படிப்பட்ட விதிகள் இரண்டு உண்டு. முரணில் சிக்கிய எல்லாப் படைகளும் நிலைகொண்டதாகக் கருதுவது ஒன்று. மற்றது, 1990-களின் இறுதியில் சைமன் சிக்மன் முன்வைத்தது: முரண் எழுந்தால், அதில் சிக்கிய கான்வாய்ப் படைகள் மட்டும் புறப்படவில்லை என்று கொண்டு, மற்ற ஆணைகளை வழக்கம்போலத் தீர்ப்பது.

முதல் விதியின் கசப்பை நான் அனுபவித்திருக்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஜெர்மனியாக ஆடிய ஓர் ஆட்டத்தில் இதே போன்ற இரட்டை வளையம் வந்தது. நடுவர் எல்லாப் படைகளும் நிலைகொண்டதாக அறிவித்தார். எதிரணி அதைப் பிடித்துக்கொண்டு, அடுத்த பருவத்திலும் அதே ஆணைகளை எழுத்துப் பிசகாமல் எழுதியது. அதற்கடுத்த பருவத்திலும் எழுதியது. மூன்று பருவங்கள் என் கப்பல் ஒன்று நகர முடியாமல் கடலோரம் கிடந்தது. வலுவாகத் தாக்கப்படுகிறவர் முரணை வேண்டுமென்றே உண்டாக்கித் தாக்குதலை உறையவைக்கலாம் என்றால், கான்வாய் ஒரு போக்குவரத்தாக இல்லாமல் பூட்டாக மாறிவிடும். சிக்மன் விதியில் அந்த ஆசைக்கு இடமில்லை. முரணை உண்டாக்கினால் உங்கள் படைதான் கரையில் நிற்கும்.

எழுத்தெண்ணி எழுதியது:

ஆழிமகள் அவர்களின் அனுபவம் வருத்தம் தருகிறது. ஆனால் பூட்டு என்ற சொல்லை நான் ஏற்கவில்லை. அந்த வளையத்தை உடைக்க ஒரேயொரு ஆதரவு கூடுதலாகப் போதும். நார்வேக் கடலில் இங்கிலாந்துக்கு ஒரு கப்பல் இருந்து, எடின்பரோவின் நகர்வுக்கு அதுவும் ஆதரவு தந்திருந்தால், லண்டனின் ஆதரவு முறிந்தாலும் முறியாவிட்டாலும் வட கடல் விழுந்திருக்கும். வளையம் அங்கேயே அறுந்திருக்கும். தாக்குகிறவர் ஒற்றை ஆதரவோடு வந்தார். காக்கிறவர் அந்த ஒற்றை ஆதரவைக் குறிவைத்தார். இந்த ஆட்டத்தில் யாரும் நகர முடியாத அரண்கோடுகள் புதிதல்ல.

என் முதன்மையான கவலை வேறு. இந்த ஆட்டம் தொடங்கும்போது ஏழு பேரும் ஒப்புக்கொண்டது 2000-ஆம் ஆண்டு விதிநூல். சிக்மன் விதி அதில் இல்லை. ஆணைகளைத் திறந்து, யாருக்கு எது சாதகம் என்று வெளிச்சமான பிறகு வெளியிலிருந்து ஒரு விதியைக் கொண்டுவருவது, அது எவ்வளவு நல்ல விதியாக இருந்தாலும், ஒரு பக்கத்துக்குத் தண்டனையாகவே முடியும். ஒன்றும் நகரவில்லை என்ற முடிவு யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை. அடுத்த பருவத்துக்கு ஏழு பேரும் சேர்ந்து ஒரு விதியை ஒப்புக்கொள்ளலாம்.

தருக்கன் எழுதியது:

யாரிடமிருந்தும் எதையும் பறிப்பதில்லை என்பது உண்மையல்ல. இங்கிலாந்தும் ஜெர்மனியும் இரண்டுக்கு ஒன்று என்ற வலிமையோடு எழுதிய இரண்டு தாக்குதல்கள் பறிபோகின்றன. பலகையில் எதுவும் அசையவில்லை என்பதால் அது நடுநிலை ஆகிவிடாது. காப்பவர்களுக்கு ஒரு பருவம் கிடைப்பது இந்த ஆட்டத்தில் பெரிய வரவு.

இடம் மாறும் மூன்று படைகளின் முன்மாதிரிக்கும் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறேன்; எழுத்தெண்ணி அவர்களின் வாதங்களில் என்னை நெடுநேரம் நிறுத்தி யோசிக்க வைத்தது அதுதான். அங்கே ஒவ்வொரு படையும் எதிர்பார்ப்பது முன்னால் உள்ள படை இடத்தைக் காலி செய்வதை மட்டுமே. எவருடைய வலிமையும் குறைக்கப்படுவதில்லை. எவருடைய ஆதரவும் அழிக்கப்படுவதில்லை. மூன்றும் நகர்ந்தால் மூன்று ஆணைகளும் நிறைவேறுகின்றன, எதிர்த்து எழுதப்பட்ட ஆணை எதுவும் இல்லை. நம் வளையத்தில் இரண்டு கான்வாய்கள் வெற்றிபெற வேண்டுமானால் இரண்டு ஆதரவுகள் அழிய வேண்டும். ஆணை எழுதியபடி நடக்க வழிவிட வேண்டும் என்றால், லண்டன் எழுதிய ஆணையும் ஆணைதானே? இரண்டில் ஒன்றுதான் நடக்க முடியும் என்றாகும்போது, எந்த ஆணை மற்றொன்றின் தயவில் நிற்கிறது என்று பார்க்க வேண்டும். ஆதரவுக்கு வேறெந்தப் படையும் நகர வேண்டியதில்லை. அது நின்ற இடத்தில் நின்றபடி தரப்படுவது. கான்வாய்ப் படையோ ஒரு கப்பல் பிழைத்திருந்தால்தான் அடியெடுத்து வைக்க முடியும்.

சுழற்படி எழுதியது:

ஆணைகளைத் தீர்க்கும் கணினி நிரல் ஒன்றை எழுதிப் பார்த்தவன் என்ற முறையில் ஒரு சிறு தகவல். லூகாஸ் க்ரெய்ஸ்வைக் என்பவர் தொகுத்த சோதனை அமைப்புகளின் பட்டியல் ஒன்று உண்டு. நிரல் எழுதுகிறவர்கள் தங்கள் நிரல் சரியாகத் தீர்க்கிறதா என்று அதைவைத்தே சரிபார்க்கிறார்கள். நடுவர் கேட்ட அமைப்பும், பாண்டின் முரணும் அதில் இருக்கின்றன. க்ரெய்ஸ்வைக் சிக்மன் விதியையே பரிந்துரைக்கிறார்.

நிரல் எழுதும்போது எனக்குத் தெளிவான ஒன்று இங்கே உதவலாம். ஓர் ஆணை வெற்றியா தோல்வியா என்று அறிய, அது சார்ந்திருக்கும் ஆணையைத் தீர்க்க வேண்டும். அதற்கு அதன் பின்னால் உள்ளதைத் தீர்க்க வேண்டும். இப்படிப் போய்ப் புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் அது சுழல். முதல் ஆணை வெற்றி என்று வைத்து ஒரு முறை, தோல்வி என்று வைத்து ஒரு முறை கணக்கிட்டால், பெரும்பாலான சுழல்களில் ஒன்று மட்டுமே முரணின்றி நிற்கும், அதுவே விடை. இரண்டும் நின்றாலோ இரண்டும் விழுந்தாலோதான் தனிவிதி வேண்டும். அப்போது என் நிரல் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: சுழலில் கான்வாய் இருக்கிறதா? இல்லையென்றால் அது இடம் மாறும் வளையம், எல்லாம் நகரட்டும். இருந்தால் கான்வாய்ப் படை நிற்கட்டும். எழுத்தெண்ணி, தருக்கன் இருவரும் பிடித்திருக்கும் இரண்டு கோட்பாடுகளும் அந்த ஒரு கிளையில் அருகருகே வாழ்கின்றன.

எல்லாப் படைகளையும் நிறுத்தும் விதியை எழுத முயன்றபோது வேறொரு தொல்லை வந்தது. முரணில் சிக்கியவை எவை என்று எல்லை வரைய வேண்டியிருந்தது. அந்தப் பருவத்தில் வேறு யாராவது எடின்பரோவுக்குள் நுழைய ஆணை எழுதியிருந்தால், எடின்பரோ காலியாகுமா என்பது முரணைச் சார்ந்தது. அப்படியானால் நுழைய வந்தவரும் முரணில் சிக்கியவரா? எல்லை விரிந்துகொண்டே போயிற்று.

பாய்மரம் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. முடிவெடுக்கும் முன் நான் வெளிப்படையாகச் சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆணைகள் வருவதற்கு இரண்டு நாள் முன்பு, ஆடுபவர் ஒருவர் எனக்குத் தனியே எழுதி, கான்வாயில் வரும் பிரெஞ்சுப் படை லண்டனின் ஆதரவை முறிக்குமா என்று கேட்டிருந்தார். நான் ஆம் என்று பதில் எழுதினேன். இப்போது அதை நினைத்தால் நெஞ்சு உறுத்துகிறது.

எழுத்தெண்ணி எழுதியது:

அப்படியானால் விவாதம் முடிந்தது என்றே கருதுகிறேன். நடுவரின் விளக்கத்தை நம்பி ஒருவர் ஆணை எழுதியிருக்கிறார். அவர் தம் கடலை இழப்பது நியாயமாகாது.

ஆழிமகள் எழுதியது:

அவசரப்பட வேண்டாம். நடுவர் அவர்கள் எழுதிய பதிலை அப்படியே இங்கே தர முடியுமா? ஆம் என்ற ஒரு சொல்லா, அதற்கு மேலும் ஏதாவது இருந்ததா? இங்கிலாந்தை ஆடுபவர் அந்தப் பதிலைப் பார்த்ததில்லை என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஒருவருக்குத் தனியே சொன்னது மற்ற ஆறு பேரைக் கட்டுப்படுத்துமா என்பது தனிக் கேள்வி.

பாய்மரம் எழுதியது:

அஞ்சலை எடுத்துப் பார்த்தேன். நான் எழுதிய வாக்கியம் இது: “ஆம், கால்வாயில் உள்ள கப்பற்படை விரட்டப்படாமல் இருந்தால், பிரெஸ்ட் தரைப்படை லண்டனைத் தாக்கியதாகக் கொள்ளப்பட்டு அதன் ஆதரவு முறியும்.” கேட்டவர் கால்வாய்க் கப்பல் எப்படித் தப்பும் என்று கேட்கவில்லை, நானும் அதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

தருக்கன் எழுதியது:

அந்த வாக்கியம் முற்றிலும் சரியானது. நடுவர் அவர்கள் உறுத்தல் கொள்ளத் தேவையில்லை. விரட்டப்படாமல் இருந்தால் என்ற நிபந்தனைக்குள்ளேதான் நாம் நாள் முழுதும் விவாதிக்கும் கேள்வி அடங்கியிருக்கிறது. அதற்கு அந்த அஞ்சல் விடை சொல்லவில்லை. முதல் முடிவிலும் அந்த வாக்கியம் மெய், இரண்டாம் முடிவிலும் மெய்.

எழுத்தெண்ணி எழுதியது:

வாக்கியத்தைப் படித்தபின் என் முந்தைய பதிவைத் திரும்பப் பெறுகிறேன். நிபந்தனையோடு சொன்ன பதிலை வாக்குறுதியாகக் கொள்ள முடியாது. ஆனால் வெளிவிதியைப் பின்னாளில் கொண்டுவருவது பற்றிய என் மறுப்பு அப்படியே நிற்கிறது. நடுவர் சிக்மன் விதியின் பெயரால் தீர்ப்புச் சொன்னால் நான் ஏற்க மாட்டேன். விதிநூலின் சொந்த விதிவிலக்கை, அதன் காரணத்தை வைத்து இந்த வளையத்துக்கு நீட்டுகிறேன் என்று சொன்னால், அது தவறு என்று நினைத்தாலும் நடுவரின் அதிகாரத்துக்குள் அடங்கியது என்று ஒப்புக்கொள்வேன்.

பாய்மரம் எழுதியது:

நண்பர் எழுத்தெண்ணி பிரித்துக் காட்டிய அந்தக் கோட்டிலேயே நின்று முடிவு செய்கிறேன். கான்வாயில் வரும் தரைப்படை தன் கப்பலைத் தாக்குவதற்கான ஆதரவை முறிக்காது என்று விதிநூல் சொல்கிறது. ஒரு படை தன் வருகையின் விளைவால் தன் வருகையைக் காத்துக்கொள்ளக் கூடாது என்பதே அதற்குக் காரணம் என்று கொள்கிறேன். அந்தக் காரணம், விளைவு ஒரு கப்பலைச் சுற்றிவந்தாலும் இரண்டைச் சுற்றிவந்தாலும் ஒன்றே. ஆகவே லண்டனின் ஆதரவும் பெல்ஜியத்தின் ஆதரவும் நிற்கின்றன. எடின்பரோ கப்பற்படை வட கடலையும், பிக்கார்டி கப்பற்படை ஆங்கிலக் கால்வாயையும் பிடிக்கின்றன. நார்வே, பிரெஸ்ட் தரைப்படைகள் அங்கேயே நிற்கின்றன. இந்த ஆட்டம் முடியும்வரை இதே அமைப்புக்கு இதே தீர்ப்பு என்று ஏழு பேருக்கும் எழுதுகிறேன். இனி விதி பற்றிய தனிக் கேள்விகளுக்கு நான் தரும் பதிலும், கேட்டவர் யார் என்று சொல்லாமல், எல்லோருக்கும் போகும்.

விரட்டப்பட்ட இரண்டு கப்பல்களும் பின்வாங்கலாம். ரஷ்யக் கப்பல், தன்னைத் தாக்கியவர் புறப்பட்ட எடின்பரோவுக்குப் போக முடியாது. லண்டன், பெல்ஜியம், நார்வே, கால்வாய் ஆகிய நான்கிலும் படைகள் உள்ளன. ஹாலந்திலும் டென்மார்க்கிலும் ஜெர்மனி இருக்கிறது. அதற்குத் திறந்திருப்பவை நார்வேக் கடல், ஸ்காகராக், ஹெலிகோலாந்து விரிகுடா, யார்க்‌ஷயர்.

கரையோரம் எழுதியது:

பிரெஞ்சுக் கப்பலுக்கு என்ன வழி? அதன் சொந்தத் துறையான பிரெஸ்டுக்குத் திரும்ப முடியாதா?

எழுத்தெண்ணி எழுதியது:

முடியாது. லண்டனுக்குப் புறப்படாத அதே தரைப்படை பிரெஸ்டை அடைத்துக்கொண்டு நிற்கிறது. அயர்லாந்துக் கடலும் நடு அட்லாண்டிக்கும் திறந்திருக்கின்றன. ஆனால் பிரான்சை ஆடுபவர் வரைபடத்தை இன்னொரு முறை பார்க்க வேண்டும்: வேல்ஸ் காலியாக இருக்கிறது, அது கால்வாயை ஒட்டியது, லண்டனையும் ஒட்டியது. அங்கே பின்வாங்கினால், வரும் இலையுதிர் பருவத்தில் அந்தக் கப்பல் எந்தக் கான்வாயையும் எதிர்பார்க்காமல் லண்டனை நேரே தாக்கி, அதன் ஆதரவை முறிக்கலாம்.

பாய்மரம் எழுதியது:

ஆம், வேல்ஸ் செல்லும். பின்வாங்கல் ஆணைகள் நாளை இரவு 9 மணிக்குள் எனக்கு வந்துசேர வேண்டும்.